கம்பம் ஏறும் உடம்பு

தீபாவளிச் சட்டைக்கு அண்ணனை அளவெடுத்த தையல்காரர், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். “வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு தம்பி. ஏணி தூக்குற ஆளா?” என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தோளைப் பத்து வருடத்துக்கு மேல் நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் படவில்லை.

அவர் என் பெரியப்பா மகன். வயது 38. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேங்மேன். ஒப்பந்தக் கூலியாகப் பல வருடம் குழி வெட்டி, கம்பி இழுத்து, 2019-ல் அறிவித்த 5,000 கேங்மேன் பணியிடங்களுக்கு விண்ணப்பம் போட்டு, கம்பத்தில் ஏறி கிராஸ் ஆர்ம் பொருத்திக் காட்டித் தேர்வானவர். ஊருக்கு அவர் ‘ஈபி ஆளு’. மழை பெய்தால் எங்கள் வீட்டில் முதலில் நினைப்பது அவரைத்தான்.

ஏணி எப்போதும் வலது தோளில். பெல்ட், கயிறு, ஸ்பேனர், கட்டிங் ப்ளேயர் போட்ட பை இடது கையில். கம்பத்தில் நிற்கும்போது பாரம் பெரும்பாலும் வலது காலில். தலைக்கு மேல் கையை உயர்த்திப் பீங்கானில் கம்பி கட்டும்போது கழுத்து பின்னால் ஒடிந்து நிற்கும். இதையெல்லாம் அவர் வலி என்று சொன்னதில்லை. “பழகிப்போச்சு” என்பார்.

அந்தத் தீபாவளி முடிந்த கையோடு அவர் ஜிம்மில் சேர்ந்தார். தோளுக்காக இல்லை, ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. தேர்வு அன்று கம்பத்தில் ஏறிய உடம்பு கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்கே பட்டிருக்கிறது. ஜிம் மாஸ்டர் நல்ல மனிதர். எல்லோருக்கும் கொடுக்கிற அட்டவணையை இவருக்கும் கொடுத்தார். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று வாரம் ஆறு நாள். பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு அந்த அட்டவணை பொருந்தும். பகல் முழுக்கக் கடப்பாறை பிடித்துவிட்டு வருகிறவருக்கு?

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு 120 கிலோ டெட்லிஃப்ட் எடுத்திருக்கிறார். அதற்குமேல் புல்-அப், ரோயிங். மூன்றுமே விரல்களால் இறுக்கிப் பிடிக்கிற பயிற்சிகள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு 9 மீட்டர் கம்பத்தின் உச்சியில் கிராஸ் ஆர்ம் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். மின்சாரத்தை நிறுத்தி லைன் கிளியர் வாங்கியாயிற்று. எர்த் ராடு மாட்டியாயிற்று. வேலை முறையில் ஒரு குறையும் இல்லை. ஸ்பேனரை மூன்றாவது தடவை திருப்பும்போது வலது கை விரல்கள் தாமாக விரிந்தன. ஸ்பேனர் நழுவிக் கீழே நாற்றுவிட்ட வயலில் சேற்றில் குத்தி நின்றது. நல்லவேளை, அந்தப் பக்கம் ஆள் இல்லை. இடது கையால் கம்பத்தைப் பிடித்தார், அதுவும் நடுங்கியது. பெல்ட்டில் உடம்பைச் சாய்த்து, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, விரல்களை உதறிக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே நின்றிருக்கிறார். கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை.

இரவு எனக்குப் போன் செய்தார். “விரல் தானா விரிஞ்சிடுச்சுடா. நான் விடல.”

அந்த ஒரு வாக்கியம் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. பெல்ட் இல்லாமல் ஏறியிருந்தால் என்ற நினைப்பை இன்றும் என்னால் முழுதாக நினைத்து முடிக்க முடியவில்லை. அன்று நான் சொன்னது இதுதான்: “நாள் முழுக்க நீங்க பண்றதே எக்சர்சைஸ்தானே அண்ணே. ஜிம்மை விட்டுடுங்க.” அது தவறான யோசனை என்று பின்னால்தான் தெரிந்தது. உழைக்கிறவர்களைப் பார்த்து நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. மூட்டை தூக்குபவரிடமும் நாற்று நடுகிற அம்மாவிடமும் இதையே சொல்கிறோம்.

வேலையில் செலவாகும் உழைப்பும் உடற்பயிற்சியும் உடம்புக்கு ஒன்றல்ல. கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2021-ல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வெளியானது. ஓய்வு நேரத்தில் நன்றாக உடலை வருத்திப் பயிற்சி செய்தவர்களிடம், அப்படிச் செய்யாதவர்களைவிட இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவாக இருந்தது. வேலையில் மிகக் கடுமையாக உடலை வருத்தியவர்களிடமோ, உடலுழைப்பு குறைந்த வேலையில் இருந்தவர்களைவிட 27 சதவீதம் அதிகம். சம்பளம், படிப்பு, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, அண்ணனோடு ஒரு நாள் நின்றால் போதும். ஜிம்மில் அவர் எடையை எடுப்பது முக்கால் நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் உட்கார்கிறார். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில். கம்பத்தில் அப்படி இல்லை. கை தலைக்கு மேலே அரை மணி நேரம் நிற்கும். தசை இறுகியே இருப்பதால் ரத்தம் சரியாகப் பாயாது. நெஞ்சுத் துடிப்பு நாள் முழுக்கக் கொஞ்சம் கூடியே இருக்கும். இதயத்தைப் பழக்கும் அளவுக்குக் கூடாது, ஓய்வெடுக்கும் அளவுக்குக் குறையவும் செய்யாது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் கரண்ட் இல்லையென்றால், களைத்துப்போச்சு நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா? வேலை உடம்பைத் தேய்க்கிறது. தேய்ந்த இடத்தை வளர்ப்பதற்கு அது நேரம் தருவதில்லை.

தேய்மானம் என்றால் என்னவென்று கஜா புயலில் பார்த்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சாலையோரக் கம்பங்களை கிரேன் வைத்து நட்டார்கள். வயலுக்குள் கிரேன் போகாது. 8 மீட்டர் சிமென்ட் கம்பம் முந்நூறு கிலோவுக்குக் குறையாது. குறுக்கே கழி கொடுத்து, பக்கத்துக்கு ஐந்து பேராகத் தோள் கொடுத்து, முழங்கால் சேற்றில் அதைச் சுமந்து போனார்கள். கணக்குக்கு ஆளுக்கு முப்பது கிலோ. ஆனால் ஒருவர் கால் வழுக்கினால் அவருடைய முப்பது கிலோவும் பக்கத்தில் நிற்பவர் முதுகில் இறங்கும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ஒருவர் தூக்கும் பாரத்துக்கு வைத்திருக்கும் உச்ச அளவு 23 கிலோ. அதுவும் சமதரையில், நல்ல கைப்பிடியோடு, உடம்பை ஒட்டித் தூக்கும்போது. எங்கள் ஊர்ச் சேற்றுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் எங்கள் ஆட்களோடு சேர்ந்து அந்தக் கம்பங்களைச் சுமந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

எனவே உடம்பு வேண்டும். ஆனால் ஜிம்மில் செலவழித்துவிட்டுக் கம்பத்துக்கு மிச்சத்தைக் கொண்டுபோகிற உடம்பு வேண்டாம். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் தஞ்சாவூரில் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட். அண்ணனைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏணியை எந்தத் தோள்ல தூக்குறீங்க?” தையல்காரர் கேட்ட அதே கேள்வி. அவர் சொன்ன முதல் மருந்துக்குக் காசு இல்லை: ஒற்றைப்படைத் தேதிகளில் ஏணி இடது தோளுக்கு மாற வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். பழக ஒன்றரை மாதம் ஆயிற்று. முதல் வாரம் ஏணி போகிற வழியெல்லாம் வேலியில் இடித்தது.

அடுத்து ஆறு நாளை இரண்டு நாளாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தசைகளுக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்றுதான் சொல்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கனமான நாள், மறுநாள் ஞாயிறு. புதன்கிழமை லேசான நாள். கனமான நாளிலும் மூச்சு முட்ட எடுக்கக் கூடாது. “இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம்னு தோணும்போதே கீழ வெச்சிடணும். அந்த ரெண்டு தடவை கம்பத்துக்கு.” ஜிம்மில் ‘முடியாது’ என்கிற வரை போவதுதான் வீரம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். கம்பம் ஏறுபவருக்கு அந்த வீரம் ஆகாது.

எதைப் பயிற்சி செய்வது என்பதில்தான் எனக்குப் பெரிய பாடம். வேலை எதை ஏற்கெனவே வாங்குகிறதோ அதையே ஜிம்மிலும் கொடுத்துக்கொண்டிருந்தார் அண்ணன். இழுப்பு, பிடி, மேலே தூக்குவது. வேலை கேட்காமல் விடுவதற்குத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். முழுதாக உட்கார்ந்து எழும் ஸ்குவாட். ஒற்றைக் காலில் படி ஏறுவது, அதுவும் இடது காலில் தொடங்கி. தரையில் பக்கவாட்டில் படுத்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது. இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் சுமந்து கோணாமல் நடப்பது. நெஞ்சை விரித்து முதுகுப்பட்டைகளை ஒன்று சேர்ப்பது.

தோளுக்கு வந்தது கர்லாக்கட்டை. பரணில் தாத்தா காலத்து ஜோடி ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. கனமானதை ஒதுக்கிவிட்டுச் சிறியதை எடுத்தார்கள். தலைக்குப் பின்னால் அது சுழன்று வரும்போது, ஏணிக்கு அடியில் நசுங்கியே பழகிய அந்தத் தோள் முழு வட்டம் போடுகிறது. முதல் நாள் நான் பக்கத்தில் இருந்தேன். தோள் மூட்டில் கடகடவென்று சத்தம் கேட்டது. மூன்று மாதத்தில் அந்தச் சத்தம் நின்றது. சிலம்பக் கூடங்களிலும் மல்யுத்தக் களங்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சுழன்ற கட்டை. அதைப் பரணில் போட்டுவிட்டு மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

விரல்தான் முக்கியம். 17 நாடுகளில், இந்தியாவும் அதில் ஒன்று, ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து, அதன் முடிவை 2015-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பிடி 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியது. எல்லோருக்கும் பிடி ஆயுளின் அடையாளம் என்றால், கம்பத்தில் நிற்பவருக்கு அன்றைய நாளே அதில்தான் இருக்கிறது. அதனால் டெட்லிஃப்ட் எடுக்கும்போது மணிக்கட்டில் ஸ்ட்ராப் கட்டிக்கொள்ளச் சொன்னார் பிசியோ. எடையின் பாரம் வாரில் போகட்டும், விரல் தப்பட்டும். பிடிக்கென்று தனிப் பயிற்சி சனிக்கிழமை கடைசியில் மட்டும். வீட்டு வேப்பமரக் கிளையில் நனைத்த துண்டைப் போட்டு இரண்டு முனையையும் பிடித்துத் தொங்குவது. பிறகு அரிசிப் பானைக்குள் கையை மணிக்கட்டுவரை விட்டு, உள்ளேயே விரல்களை விரிப்பது. கட்டிங் ப்ளேயர் பிடித்தே இருக்கும் கைக்கு மடக்கத் தெரியும். விரிக்கிற தசை மெலிந்துபோயிருக்கும். முழங்கை வெளிப்பக்கம் வலிப்பதற்கு அது ஒரு காரணம். அண்ணி முதலில் திட்டினார். இப்போது அதற்கென்று ரேஷன் அரிசி தனிப் பானையில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட நல்ல பாடம் பிசியோவிடமிருந்து வரவில்லை. வேதாரண்யம் பக்கம் வேலைக்குப் போனபோது ஒரு பனையேறிப் பெரியவர், அண்ணன் கம்பம் ஏறுவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இறங்கியதும் சொன்னாராம்: “கையால ஏறுறியே தம்பி. கால் ஏறணும். கை புடிச்சிட்டுதான் இருக்கணும்.” பனையேறி காலில் தளையைப் போட்டு, உடம்பைக் காலால் மேலே தள்ளுகிறார், கை அணைத்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. அதனால்தான் ஒரே காலையில் மரத்துக்கு மரம் ஏறி இறங்க முடிகிறது. அன்றிலிருந்து அண்ணன் ஸ்குவாட்டைத் தவறவிடுவதில்லை. தொடை வலுத்தபோது விரல் மிஞ்சியது. உச்சிக்குப் போய்ச் சேரும்போது கையில் இன்னும் வேலை செய்யத் தெம்பு இருக்கிறது என்றார்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிம்மில் புரதப் பவுடர் டப்பா ஒன்றைக் காட்டி ஆசை காட்டினார்கள். தசை வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்று ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 உணவு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. தினம் நான்கு முட்டையில் 24 கிராம் புரதம். மத்தி கிடைக்கிற நாளில் மத்தி, கிடைக்காத நாளில் கொண்டைக்கடலைச் சுண்டல், சட்டைப் பையில் வறுத்த வேர்க்கடலை. காலையில் பழைய சோறும் மோரும் இருக்கிறது. வெயிலில் வேர்த்துக் கொட்டுகிற உடம்புக்கு உப்பும் நீரும் அதில் கிடைக்கின்றன. களைப்பு தீர என்று சாயங்காலம் டாஸ்மாக் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டால் தசை தேறாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

தூக்கம்தான் தீராத சிக்கல். மழைக்காலத்தில் இரவு இரண்டு மணிக்கும் போன் அடிக்கும். அப்படிப் போய்வந்த மறுநாள் பயிற்சி கிடையாது என்பது வீட்டில் சட்டம். அதிகாலைப் பயிற்சியும் கிடையாது. இரவு படுத்திருக்கையில் முதுகெலும்பு வட்டுகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து பாரம் தூக்கினால் அவற்றில் அழுத்தம் அதிகம் விழும். விடியற்காலையில் கம்பம் சாய்ந்துவிட்டது என்று கூப்பிட்டால்கூட, போனதும் கொஞ்சம் நடந்து, உடம்பை நிமிர்த்திவிட்டுத்தான் தோள் கொடுக்கிறார்.

புயல் வாரங்களில் பயிற்சி நின்றுவிட்டால் சேர்த்த பலம் போய்விடாதா என்று அவருக்குப் பயம் இருந்தது. அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டினேன். 16 வாரம் நன்றாகப் பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவினரை, அதில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் செய்யவைத்து 32 வாரம் பார்த்திருக்கிறார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்கள் அந்தக் கொஞ்சத்திலேயே தசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு அது போதவில்லை. வயது ஏற ஏறப் பராமரிப்புக்கே அதிகம் தேவைப்படுகிறது. பிரிவு அலுவலகங்களில் ஐம்பது தாண்டிய கம்பியாளர்கள் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுப்பது?

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். உடல் வலு மின்சாரத்தைத் தடுக்காது. 11,000 வோல்ட்டுக்கு முன் 120 கிலோ தூக்குபவரும் ஒன்றுதான், தூக்காதவரும் ஒன்றுதான். லைனை நிறுத்திய பிறகும் யாரோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைக்கப்பட்டிருந்தால் பின்வழியாக மின்சாரம் ஏறும். எர்த் ராடு போடாமல் கை வைக்கக் கூடாது என்ற விதிக்கு எந்தத் தசையும் மாற்று இல்லை. பலம் வரும்போது கூடவே ஒரு துணிச்சலும் வருகிறது, பெல்ட் எதற்கு என்று கேட்கிற துணிச்சல். அண்ணனின் விரல் விரிந்த அன்று அவரைக் காப்பாற்றியது தசை இல்லை, பெல்ட்.

தீயணைப்பு நிலையத்தில் காலையில் கவாத்து உண்டு. போலீஸில் பரேடு உண்டு. அந்த வேலைகளுக்கு உடம்புதான் கருவி என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு, அதைப் பராமரிக்க வேலை நேரத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறது. கம்பம் ஏறுபவருக்குத் தேர்வு அன்று மட்டும் உடல் தகுதி பார்க்கிறோம். பிறகு ஓய்வு பெறும் நாள்வரை அவர் பாடு. பிரிவு அலுவலக முற்றத்தில் ஒரு இரும்பு பார், ஒரு கயிறு, நான்கு மணல் மூட்டை, வாரத்தில் இரண்டு நாள் வேலை நேரத்தில் அரை மணி. மாதம் ஒருமுறை பிசியோ. இது பெரிய செலவு இல்லை. காலியிடங்களை நிரப்பி, மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டாமல் இருந்தால் பாதித் தேய்மானம் அப்போதே குறையும். கூடை வைத்த லாரி போகும் இடங்களுக்கெல்லாம் லாரி போக வேண்டும். மனிதர் ஏற வேண்டியது அது போகாத வயலில் மட்டும். இதைச் சலுகையாக நான் கேட்கவில்லை. என் வீட்டு விளக்கு எரிவதற்கு அவர் தோள் இறங்கியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டில் பயிற்சிக் கணக்கு எழுதுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டு. அட்டையில் மகள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருக்கிறார். 2024 டிசம்பர்ப் பக்கத்தைப் புரட்டினேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, விழுப்புரம் பக்கம் வெள்ளக்காடானபோது எங்கள் பகுதியிலிருந்தும் ஆட்கள் போனார்கள்.

“டிச. 2. விழுப்புரம். பயிற்சி இல்லை.

டிச. 3. இல்லை. ஏணி இடது தோள்.

டிச. 4. இல்லை. தூக்கம் 3 மணி.

டிச. 5. இல்லை. ஏணி இடது தோள்.”

அதன் பிறகு ஒரு வாரம் எழுத்தே இல்லை. ஒரு இடத்தில் சேற்றுக் கட்டைவிரல் ரேகை. பிறகு, “டிச. 14, சனி. வீடு. வேப்பமரம், துண்டு. ரெண்டு தடவை. போதும்.”